நாற்பது வயதில் நர்ஸிங் படிப்பு

ஒரே ஸ்டெதஸ்கோப்பில் இரண்டு ஜோடி காதுக்குழாய்கள். ஒன்று என் காதில், இன்னொன்று ஆசிரியையின் காதில். எதிரே உட்கார்ந்திருந்த சக மாணவியின் கையில் கஃபைச் சுற்றி, பந்தை அமுக்கிக் காற்றேற்றி, திருகைத் தளர்த்தி, முள் இறங்குவதைப் பார்த்துக்கொண்டே 138 என்றேன். ஆசிரியை 118 என்றார். மறுபடி செய்தேன். ஏறக்குறைய அதே வித்தியாசம். "நீங்க கேக்கல, பாக்குறீங்க" என்கிற பொருளில் ஏதோ சொன்னார். பிபி பார்க்கும் கருவியின் முள், சத்தம் காதில் விழுவதற்கு முன்பே லேசாகத் துள்ளத் தொடங்கிவிடும். முதல் சத்தம் கேட்கிற இடம்தான் மேல் அளவு. சத்தம் அடங்குகிற இடம் கீழ் அளவு. நானோ துள்ளலைக் கண்ணால் பிடித்து எண்ணைச் சொல்லிக்கொண்டிருந்தேன். பதினான்கு வருடம் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தே பிழைத்த கண். "கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேளுங்கள், முள் எங்கே நிற்கிறது என்பதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். அவருக்கு முப்பத்தொரு வயது. எனக்கு முப்பத்தொன்பது.

சென்னை ஓ.எம்.ஆரிலும் பிறகு நியூஜெர்சியிலும் சாஃப்ட்வேர் டெஸ்டிங் வேலை பார்த்தவள் நான். வேறொரு தொழிலிலிருந்து நர்ஸிங்குக்கு வருவது அமெரிக்காவில் புதிதல்ல. என் வகுப்பில் பள்ளி ஆசிரியை ஒருவர், வங்கியில் இருந்தவர் ஒருவர், ராணுவத்தில் பணியாற்றியவர் ஒருவர், ஓட்டல் சமையற்காரர் ஒருவர் இருந்தார்கள். இங்குள்ள தமிழ்க் குடும்பங்களிலும் இந்தப் பேச்சு இப்போது அடிக்கடி அடிபடுகிறது. ஐ.டி. வேலை போனவர்கள், பிள்ளைகளை வளர்த்து முடித்துவிட்டு இனி என்ன என்று யோசிக்கிறவர்கள், பெற்றோரைக் கடைசிக் காலத்தில் பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டதில் மனம் இந்தப் பக்கம் திரும்பியவர்கள் எனப் பலரும் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். இந்த வயதில் முடியுமா, எவ்வளவு செலவாகும், எந்தக் கல்லூரி, எத்தனை வருடம்?

இவற்றுக்கெல்லாம் பதில் உண்டு, கீழே சொல்கிறேன். ஆனால் யாரும் கேட்காத ஒன்றுதான் உண்மையில் ஆளைச் சாய்க்கிறது. தன் தொழிலில் கைதேர்ந்தவர் என்று பெயரெடுத்த ஒருவர் மறுபடி ஒன்றும் தெரியாதவராகப் போய் நிற்க வேண்டியிருக்கிறது. என் வகுப்பில் பாதியில் நின்றவர்கள் பாடம் புரியாமல் நிற்கவில்லை. இந்த நிலையைத் தாங்க முடியாமல் போனவர்களே அதிகம் என்று நினைக்கிறேன்.

நர்ஸிங் கல்வியில் இதற்கு ஒரு பெயரே உண்டு. பாட்ரிசியா பென்னர் என்ற அமெரிக்க நர்ஸிங் அறிஞர் 1984இல் 'ஃப்ரம் நோவிஸ் டு எக்ஸ்பர்ட்' என்ற நூலை வெளியிட்டார். செஸ் ஆடுகிறவர்களையும் விமானிகளையும் கவனித்து டிரைஃபஸ் சகோதரர்கள் வகுத்த படிநிலைகளை அவர் நர்ஸ்களுக்குப் பொருத்திப் பார்த்தார். 'நோவிஸ்' என்னும் முதல் படியில் இருப்பவருக்கு விதி மட்டுமே தெரியும். இந்த எண்ணுக்குக் கீழே போனால் டாக்டரைக் கூப்பிடு என்றால் கூப்பிடுவார். ஐந்தாம் படியில் இருப்பவர் அறைக்குள் நுழைந்ததுமே நோயாளியின் முகத்தைப் பார்த்து ஏதோ சரியில்லை என்று உணர்ந்துவிடுவார். எண்கள் பிறகுதான் வரும். அந்த நூலில் எனக்கு முக்கியமாகப் படும் இடம் வேறு. ஒரு துறையில் ஐந்தாம் படியில் நிற்கும் நர்ஸ், பழக்கமில்லாத இன்னொரு துறைக்கு மாறினால் முதல் படிக்கே திரும்புகிறார் என்கிறார் பென்னர். நர்ஸுக்கே அப்படியென்றால், வேறு தொழிலிலிருந்து வருகிறவரைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இனி வழிகள். ரெஜிஸ்டர்டு நர்ஸ், அதாவது ஆர்.என். ஆவதற்கு அமெரிக்காவில் மூன்று நான்கு பாதைகள் இருக்கின்றன. கம்யூனிட்டி காலேஜில் ஏ.டி.என். என்னும் அசோசியேட் பட்டம். பெயருக்கு இரண்டு வருடம், முன்பாடங்களையும் சேர்த்தால் மூன்று. பல்கலைக்கழகத்தில் நான்கு வருட பி.எஸ்.என். ஏற்கெனவே வேறு பட்டம் வைத்திருப்பவர்களுக்கென்றே ஏ.பி.எஸ்.என். என்ற துரிதப் படிப்பு. 11 முதல் 18 மாதத்தில் முடித்துவிடலாம். செயின்ட் லூயிஸ் பல்கலைக்கழகம் 1971இல் தொடங்கி வைத்த வகை இது. பட்டதாரிகள் நேரடியாகச் சேரும் முதுகலைப் படிப்பும் சில இடங்களில் உண்டு. எந்தப் பாதையில் போனாலும் கடைசியில் எழுதும் தேர்வு ஒன்றுதான்: என்க்ளெக்ஸ். வாங்கும் உரிமமும் ஒன்றுதான்.

பிறகு ஏன் இத்தனை பாதைகள்? இங்கேதான் பழைய விவாதம் ஒன்று குறுக்கிடுகிறது. பென்சில்வேனியா மருத்துவமனைகளின் தரவுகளை வைத்து லிண்டா ஐகென் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், பட்டதாரி நர்ஸ்களின் விகிதம் 10 சதவீதம் கூடினால் அறுவைச் சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 5 சதவீதம் குறைவதாகத் தெரிந்தது. 2010இல் இன்ஸ்டிடியூட் ஆஃப் மெடிசின், 2020க்குள் நர்ஸ்களில் 80 சதவீதம் பேர் பி.எஸ்.என். பட்டம் பெற்றிருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. நியூயார்க் மாநிலம் 2017இல் சட்டமே போட்டது: ஏ.டி.என். முடித்துப் புதிதாக உரிமம் பெறுகிறவர்கள் பத்து வருடத்துக்குள் பி.எஸ்.என். முடித்தாக வேண்டும். பெரிய மருத்துவமனைகளும் பி.எஸ்.என். வைத்திருப்பவர்களையே முதலில் எடுக்கின்றன.

இருந்தாலும், குடும்பமும் வீட்டுக் கடனும் உள்ளவர்களுக்கு நான் சொல்வது ஏ.டி.என்.தான். கட்டணம் தனியார் பல்கலைக்கழகத்தின் துரிதப் படிப்பைவிடப் பல மடங்கு குறைவு. வேலையில் சேர்ந்தபின் ஆன்லைனில் பி.எஸ்.என். முடிக்கலாம், அதற்கான கட்டணத்தில் ஒரு பகுதியை மருத்துவமனையே தருவதும் உண்டு. துரிதப் படிப்போ நான்கு வருடச் சரக்கை ஒரு வருடத்தில் திணிப்பது. அந்தக் காலத்தில் வேலை பார்க்க முடியாது; பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால்கூட ஒரு வாரப் பாடம் போய்விடும். தனி ஆளாக, கையில் சேமிப்போடு இருப்பவருக்கு அது நல்ல வழி.

பண விஷயத்தில் இரண்டாம் பட்டக்காரர்கள் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. மத்திய அரசின் பெல் கிராண்ட் முதல் இளங்கலைப் பட்டம் வாங்காதவர்களுக்கு மட்டும்தான். அண்ணா பல்கலைக்கழகத்தில் வாங்கிய பி.இ.யும் பட்டம்தான். மத்திய அரசின் கல்விக் கடன் வேண்டுமென்றால் குடியுரிமையோ கிரீன் கார்டோ போன்ற தகுதி வேண்டும். நர்ஸ் கோர் என்ற உதவித்தொகைத் திட்டம் கட்டணத்தை ஏற்றுக்கொள்ளும். பதிலுக்கு நர்ஸ் பற்றாக்குறையுள்ள இடத்தில் குறைந்தது இரண்டு வருடம் வேலை பார்க்க வேண்டும். ஹெச்-4 விசாவில் இருக்கும் பெண்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. அந்த விசாவில் படிக்கத் தடையில்லை. ஆனால் வேலை அனுமதி இல்லாமல் சமூகப் பாதுகாப்பு எண் கிடைக்காது. அந்த எண் இல்லாமல் உரிமம் தராத மாநிலங்கள் உண்டு. உரிமம் கிடைத்தாலும் வேலையில் சேர முடியாது. 2015 முதல் ஹெச்-4 மனைவியருக்கு வேலை அனுமதி தரப்படுகிறது என்றாலும், கணவரின் கிரீன் கார்டு விண்ணப்பம் குறிப்பிட்ட கட்டத்தைத் தாண்டியிருந்தால்தான் அது கிடைக்கும். படித்து முடித்துவிட்டு வீட்டில் உட்கார்ந்திருக்கும் தோழிகள் எனக்கு இருக்கிறார்கள். சேருவதற்கு முன் மாநில நர்ஸிங் வாரியத்திடமும் ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கல்லூரியைத் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியவை மூன்று: மாநில வாரியத்தின் ஒப்புதல், ஏ.சி.இ.என். அல்லது சி.சி.என்.இ. போன்ற அமைப்பின் அங்கீகாரம், அந்தக் கல்லூரி மாணவர்களின் என்க்ளெக்ஸ் தேர்ச்சி விகிதம். கடைசியதைப் பெரும்பாலான மாநில வாரியங்கள் தம் தளத்திலேயே வெளியிடுகின்றன. இதில் அலட்சியம் கூடாது. 2023 ஜனவரியில் 'ஆபரேஷன் நைட்டிங்கேல்' என்ற பெயரில் அமெரிக்க அரசு நடத்திய சோதனையில், ஃப்ளோரிடாவின் மூன்று பள்ளிகளிலிருந்து 7,600க்கும் மேற்பட்ட போலி டிப்ளமோக்கள் விற்கப்பட்டது வெளியே வந்தது. குறுக்கு வழி தேடிப் பணத்தைக் கொடுத்தவர்களில் நடுவயதில் தொழில் மாற நினைத்தவர்களும் இருந்திருப்பார்கள் என்று நினைக்கும்போது வருத்தமாக இருக்கிறது.

இடம் கிடைப்பதும் சுலபமில்லை. நர்ஸ் பற்றாக்குறை என்று நாடே பேசுகிறது. ஆனால் 2021இல் மட்டும் நர்ஸிங் பள்ளிகள் தகுதியுள்ள விண்ணப்பங்களில் 90,000க்கும் மேற்பட்டவற்றை நிராகரித்தன. ஒருவரே பல இடங்களுக்கு விண்ணப்பித்திருப்பார் என்றாலும் அது பெரிய எண்தான். கற்றுத்தர ஆசிரியர்கள் இல்லை. மருத்துவமனை வேலையில் கிடைக்கும் சம்பளம் ஆசிரியர் வேலையில் கிடைப்பதில்லை. மாணவர்களை அழைத்துப் போய்ப் பழக்குவதற்கான வார்டு இடங்களும் குறைவு. அதனால் முன்பாடங்களில் ஏ கிரேடு வாங்குவது ஆடம்பரமல்ல, அவசியம். அனாட்டமி அண்ட் ஃபிசியாலஜி இரண்டு பகுதி, மைக்ரோபயாலஜி, வேதியியல், புள்ளியியல், உளவியல், வாழ்க்கைப் பருவ வளர்ச்சி. பிறகு டீஸ் அல்லது ஹெசி என்ற நுழைவுத் தேர்வு. அறிவியல் பாடங்கள் ஐந்து அல்லது ஏழு வருடத்துக்குமேல் பழையதானால் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. இந்தியாவில் படித்த ஆங்கிலமும் கணக்கும் மதிப்பீட்டுக்குப் பிறகு சில இடங்களில் செல்லும். உடற்கூறியலைப் பெரும்பாலும் மறுபடி படித்தாக வேண்டும். நான் பன்னிரண்டாம் வகுப்பில் கம்ப்யூட்டர் சயின்ஸ் குரூப். 206 எலும்புகளின் பெயரையும் சமையலறைச் சுவரில் ஒட்டி வைத்துப் படித்தேன்.

தமிழ்நாட்டில் இருக்கும் உறவினர்கள் கேட்பதால் ஒரு வார்த்தை. அங்கே இந்த வாசல் குறுகல். பி.எஸ்சி. நர்ஸிங்குக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியல், வேதியியல், உயிரியல் படித்து 45 சதவீத மதிப்பெண் எடுத்திருக்க வேண்டும். மூன்று வருட ஜி.என்.எம். டிப்ளமோவுக்கு எந்தக் குரூப் படித்தவரும் சேரலாம். ஆனால் இந்திய நர்ஸிங் கவுன்சில் வகுத்த வயது 17 முதல் 35. கோயம்புத்தூரில் பனியன் கம்பெனிக் கணக்கு எழுதும் நாற்பது வயதுப் பெண்மணிக்கு நர்ஸிங்கில் நாட்டமும் தெம்பும் இருந்தாலும் வழியில்லை. 1946இலேயே வேலூர் சி.எம்.சி.யில் நர்ஸிங் பட்டப்படிப்பைத் தொடங்கிய மாநிலம் இது. வீட்டில் மாமியாரையும் தாயையும் வருடக்கணக்கில் பார்த்துக்கொண்ட பெண்களிடம் இருக்கும் அனுபவத்தை ஒரு வயது வரம்பு வெளியே நிறுத்திவிடுகிறது. அந்த வரம்பை மறுபரிசீலனை செய்ய வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

இங்கே சேர்க்கைக் கடிதம் கையில் வந்ததும் வேலைகள் வரிசை கட்டும். குற்றப் பின்னணிச் சோதனை, போதைப்பொருள் சோதனை, பி.எல்.எஸ். முதலுதவி அட்டை, தடுப்பூசிச் சான்றுகள். நம் ஊர்க்காரர்களுக்குச் சிக்கல் கடைசியில்தான். சின்ன வயதில் அம்மை ஊசி போட்டதற்கு யாரிடம் அட்டை இருக்கிறது? ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று டைட்டர் பரிசோதனை செய்து காட்டலாம். காசநோய்க்குத் தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் சோதனை, பி.சி.ஜி. தடுப்பூசி போட்ட நமக்குத் தவறாகப் பாசிடிவ் காட்டக்கூடும். பிறகு எக்ஸ்ரே, கடிதம் என்று அலைய வேண்டும். முதலிலேயே ரத்தச் சோதனையாகச் செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்வது நல்லது. எனக்கு இதைச் சொல்ல ஆள் இல்லாமல் மூன்று வாரம் போனது.

வகுப்பு தொடங்கியதும் முதல் அடி தேர்வில் விழும். நாம் வளர்ந்த பள்ளிக்கூடத்தில் புத்தகத்தில் இருப்பதை எழுதினால் மதிப்பெண். இங்கே நான்கு விடைகளும் சரியாகவே இருக்கும். ஷிஃப்ட் தொடங்குகிறது, நான்கு நோயாளிகள். ஒருவருக்கு மூட்டு அறுவை முடிந்து வலி பத்துக்கு எட்டு. ஒருவர் வீட்டுக்குப் போகக் காத்திருக்கிறார். ஒருவருக்கு மாத்திரை நேரம் அரை மணி தாண்டிவிட்டது. ஒருவருக்குத் தைராய்டு அறுவை முடிந்து மூச்சில் புதிதாக ஒரு கீச்சுச் சத்தம். யாரை முதலில் பார்ப்பாய்? வலியில் துடிப்பவரிடம் ஓடத் தோன்றும். ஆனால் கழுத்தில் வீக்கமோ ரத்தக் கசிவோ ஏற்பட்டு மூச்சுக்குழாய் அடைபடுவதன் அறிகுறி அந்தச் சத்தம். அடைபட்டால் நிமிடங்களில் உயிர் போகும். வாரக்கணக்கில் மனப்பாடம் செய்தவர்கள் இங்கே 60 வாங்குவார்கள். தேர்ச்சிக்கே 75க்கு மேல் கேட்கும் கல்லூரிகள்தான் அதிகம். மனப்பாடத்தைக் கேட்காமல், எது முந்தி எது பிந்தி என்று கேட்கும் இந்தக் கேள்விகளைத் தினமும் ஐம்பது போட்டுப் பழகுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. என்க்ளெக்ஸும் இதே வகைதான். நீங்கள் சரியாகச் சொல்லச் சொல்லக் கேள்வி கடினமாகும். உங்கள் நிலை உறுதியானதும் கம்ப்யூட்டர் தானே நின்றுவிடும். குறைந்தது 85 கேள்வி, அதிகம் 150, ஐந்து மணி நேரம்.

மருந்துக் கணக்கு தனித் தேர்வு. 90 சதவீதம் கேட்கும் இடங்களும் உண்டு, நூற்றுக்கு நூறு கேட்கும் இடங்களும் உண்டு. கணக்கு கடினமில்லை, நம்மவர்கள் தெம்பாகவே உள்ளே போவார்கள். ஒரு உதாரணம். ரத்தம் உறையாமலிருக்க ஹெபாரின் டிரிப். ஆர்டர், கிலோவுக்கு மணிக்கு 18 யூனிட். பையில் 250 மில்லியில் 25,000 யூனிட், அதாவது மில்லிக்கு 100. நோயாளியின் எடை 154. எழுபது கிலோ ஆளுக்கு மணிக்கு 1,260 யூனிட், பம்பில் 12.6 என்று வைக்க வேண்டும். 154 என்பது பவுண்டு என்பதைக் கவனிக்காமல் பெருக்கியவருக்கு 27.7 வரும். இரண்டு மடங்குக்கும் மேல். அந்த ஆளுக்கு மூளையிலோ குடலிலோ ரத்தக் கசிவு ஏற்படலாம். என் முதல் தேர்வில் நான் செய்தது இந்தத் தப்பைத்தான். 2.2ஆல் வகுக்க மறந்தேன். சாஃப்ட்வேரில் இப்படி ஒரு பிழை கண்டுபிடித்தால் டிக்கெட் போட்டுத் திருப்பி அனுப்புவோம். அடுத்த வெளியீட்டில் சரியாகிவிடும். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அரை மில்லிகிராமை .5 என்று எழுதாமல் 0.5 என்று எழுது, ஐந்தை 5.0 என்று எழுதாதே, புள்ளி கண்ணுக்குத் தப்பினால் பத்து மடங்கு மருந்து போய்விடும் என்று அமெரிக்க மருத்துவமனைகளுக்கு விதி இருக்கிறது. அந்த விதியை ஏன் அத்தனை கண்டிப்பாகக் கடைப்பிடிக்கிறார்கள் என்பது அந்த இரவில்தான் உறைத்தது.

ஸ்கில்ஸ் லேபில் பொம்மைக்குக் கத்தீட்டர் போடுவதும் காயத்துக்குக் கட்டு மாற்றுவதும் நாலைந்து முறை செய்தால் கைக்கு வந்துவிடும். மனிதரைத் தொடுவது வேறு. அதனால், சேர நினைப்பவர்கள் எல்லோருக்கும் நான் சொல்வது: முதலில் சி.என்.ஏ. எனப்படும் உதவி நர்ஸ் பயிற்சிக்குப் போங்கள். மத்திய அரசு விதிப்படி குறைந்தது 75 மணி நேரம். பல மாநிலங்களில் கூடுதல். முதியோர் இல்லத்தில் மூன்று மாதம் வேலை பாருங்கள். இந்தத் தொழில் உங்களுக்கு ஒத்துவருமா என்பது பல ஆயிரம் டாலர் கட்டுவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

நான் அதைத்தான் செய்தேன். செய்தி ஊருக்குப் போனதும் அம்மா போனில் கேட்டாள்: "இன்ஜினியரிங் படிச்சிட்டு பீ மூத்திரம் அள்ளப் போறியாடி?" அம்மாவைக் குறை சொல்ல மாட்டேன். பாட்டியைப் படுக்கையில் வைத்து நாலு வருடம் அள்ளியவள் அவள்தான். வீட்டுக்குள் செய்தால் கடமை, சம்பளத்துக்குச் செய்தால் இழிவு என்ற எண்ணம் நம்மிடம் சாதியோடும் தீட்டோடும் பின்னிக் கிடக்கிறது. படிக்க வரும் தமிழர்கள் இந்தப் பேச்சை எதிர்கொள்ளத்தான் வேண்டும், முக்கியமாகத் தமக்குள்ளேயே.

படுக்கையில் குளிப்பாட்டுவது என்று பாடத்தில் ஒரு பக்கம் இருக்கிறது. முதலில் கண், சோப்பு வேண்டாம், மூக்கோரத்திலிருந்து வெளியே துடை, அடுத்த கண்ணுக்குத் துணியின் வேறு மூலை. பிறகு முகம், கை, மார்பு, கால். எந்த இடத்தைக் கழுவுகிறாயோ அதை மட்டும் திற. மற்றதெல்லாம் போர்வைக்குள் இருக்கட்டும். தண்ணீரை மாற்று. மறைவிடம் கடைசியில், முன்னிருந்து பின்னாக. நான் முதலில் குளிப்பாட்டியவர் பக்கவாதம் வந்த எண்பது வயதுப் பெரியவர். அவரைப் புரட்டிப் படுக்க வைத்தபோது இடுப்பெலும்புக்கு மேல் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்குத் தோல் சிவந்திருந்தது. விரலால் அழுத்தினேன். வெளுக்கவில்லை. அழுத்தினால் வெளுக்காத சிவப்பு, படுக்கைப் புண்ணின் முதல் நிலை. மேலிடத்தில் சொன்னேன்; இரண்டு மணிக்கொரு தரம் புரட்டும் அட்டவணை போட்டார்கள். குளிப்பாட்டாமல் இருந்திருந்தால் அந்த இடத்தை யாரும் அன்று பார்த்திருக்க மாட்டார்கள். இதை அம்மாவிடம் சொன்னேன். பாட்டிக்கும் அதே இடத்தில்தான் புண் வந்தது என்றாள்.

பழைய தொழிலில் கற்றது எதுவும் உதவாதா என்றால், நிறைய உதவும். நர்ஸிங்கே பிற தொழில்களிடம் கடன் வாங்கி வளர்ந்ததுதான். டாக்டருக்குப் போன் செய்யும்போது நிலைமை, பின்னணி, என் கணிப்பு, என் கோரிக்கை என்ற வரிசையில் சொல்ல வேண்டும் என்று சொல்லித்தருகிறார்கள். எஸ்பார் என்று பெயர். அது அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்த முறை. கைசர் பெர்மனெண்டே மருத்துவர்கள் கொலராடோவில் அதை மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். ஆசிரியராக இருந்தவர் நோயாளிக்கு இன்சுலின் போடக் கற்றுத்தருவதைப் பார்க்க வேண்டும். சொல்லிக் கொடுத்து, அவர் வாயாலேயே திரும்பச் சொல்ல வைத்து, எங்கே தடுமாறுகிறார் என்று பிடித்துவிடுவார். ஓட்டலில் இருந்தவர் ஆறு அழைப்பு மணி ஒரே நேரத்தில் அடித்தாலும் பதறாதவர். எனக்குக் கைகொடுத்தது எல்லாவற்றையும் உடனுக்குடன் குறித்துவைக்கும் பழக்கம். உதவாமல் போனது என் பழைய பதவி. பன்னிரண்டு பேருக்குத் தலைமை தாங்கியவள் என்பது அந்த வார்டில் யாருக்கும் தெரியாது, தெரிந்து ஆகவேண்டியதும் ஒன்றுமில்லை. எதையும் மேம்படுத்த யோசனை சொல்லும் வேகத்தை முதல் வருடம் அடக்கி வைக்க வேண்டியிருந்தது.

நம் மொழிகூட அப்படித்தான். இரண்டாம் செமஸ்டரில் ஒருநாள், மகன் வீட்டுக்குத் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்ட ஒரு அம்மா. நான் தமிழில் பேசியதும் கையைப் பிடித்துக்கொண்டார். "யம்மா, ஒரு வாய் தண்ணி தா தாயி." அறுவைக்கு முன் வாய்வழி எதுவும் தரக் கூடாது என்று கதவில் எழுதியிருந்தது. மயக்க மருந்தில் வாந்தி வந்தால் நுரையீரலுக்குள் போய்விடும் என்று சொல்லி, ஈரப்பஞ்சால் உதட்டை நனைத்தேன். சர்ஜன் வந்து ஒப்புதல் கேட்டபோது நானே மொழிபெயர்க்க வாயெடுத்தேன். என் ஆசிரியை தோளைத் தொட்டு நிறுத்தினார். அறுவை ஒப்புதலுக்குப் பயிற்சி பெற்ற மொழிபெயர்ப்பாளர்தான் பேச வேண்டும். திரையில் ஒருவர் வந்தார். மயக்க மருந்தின் ஆபத்து, ரத்தம் ஏற்ற வேண்டி வரலாம் என்பது என எதையும் விடாமல், மெருகூட்டாமல் சொன்னார். நான் பேசியிருந்தால் அந்த அம்மாவைப் பயமுறுத்த மனமின்றிப் பாதியை விழுங்கியிருப்பேன். என் வேலை அவர் கையைப் பிடித்துக்கொண்டு நிற்பது மட்டுமாக இருந்தது.

வீட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். கிளினிக்கல் நாளில் காலை ஆறே முக்காலுக்கு வார்டில் நிற்க வேண்டும். முந்தின இரவே நோயாளியின் நோயையும் மருந்துகளையும் படித்துக் கேர் பிளான் எழுதியிருக்க வேண்டும். கணவர் சமையலைக் கையில் எடுத்தார். எடுக்காத வீடுகளில் இந்தப் படிப்பு பெண்களுக்கு இரட்டைச் சுமை. இரண்டு வருடம் நவராத்திரிக்குக் கொலு வைக்கவில்லை. படிப்புக் காலத்தில் வாரம் இருபது மணி நேரத்துக்குமேல் வேறு வேலை பார்க்க வேண்டாம் என்று கல்லூரிகள் சொல்வதை நம்புங்கள்.

படித்து முடித்தவுடன் நிம்மதி வந்துவிடும் என்று நினைக்க வேண்டாம். வேலையில் சேர்ந்ததும் வரும் அதிர்ச்சிக்கு நர்ஸிங் ஆய்வாளர் மார்லின் கிராமர் 1974இலேயே 'ரியாலிட்டி ஷாக்' என்று பெயர் வைத்தார். பள்ளியில் ஒரு நோயாளிக்கு ஒரு மாணவி; வேலையில் ஐந்தாறு பேருக்கு ஒரு நர்ஸ். புதியவர்களுக்குப் பெரும்பாலும் இரவு ஷிஃப்ட். ஒரு நர்ஸ் பார்க்கும் நோயாளிகளின் எண்ணிக்கை ஒன்று கூடினாலே அறுவை நோயாளிகள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுவதாக 2002இல் ஐகென் காட்டினார். கலிஃபோர்னியா 1999இல் சட்டமியற்றி, 2004 முதல் வார்டுவாரியாக நர்ஸுக்கு இத்தனை நோயாளிகள்தான் என்று நிர்ணயித்தது. பொதுவார்டில் இப்போது ஐந்து. நியூஜெர்சியில் பொதுவார்டுக்கு அப்படி ஒரு வரம்பு இல்லை; எனக்கு ஏழு பேரைத் தந்த இரவுகள் உண்டு. வேலைக்கு நேர்காணல் போகும்போது சம்பளத்துக்கு முன்னால் இந்த எண்ணைக் கேளுங்கள். புதியவர்களுக்கு ஒரு வருட ரெசிடென்சி உண்டா என்றும் கேளுங்கள். சம்பளம் மோசமில்லை, அரசுக் கணக்கில் 2024 மே மாதம் ஆர்.என்.களின் நடுமட்ட ஆண்டுச் சம்பளம் 93,600 டாலர். ஐ.டி.யில் மூத்த பதவியிலிருந்து வருகிறவருக்கு அது இறக்கம்தான்.

மெட்-சர்ஜ் எனப்படும் பொதுவார்டில் ஐந்து வருடம் முடிந்துவிட்டது. அங்கே இப்போது நான் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். வரும் திங்கட்கிழமை டயாலிசிஸ் பிரிவுக்கு மாறுகிறேன். எனக்குக் கற்றுத்தரப் போகிறவருக்கு வயது இருபத்தொன்பது. போன வாரம் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். நோயாளியின் முன்கையில் தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்த ஃபிஸ்டுலாவின் மேல் என் விரலை எடுத்து வைத்தார். உள்ளே ரத்தம் ஓடும் அதிர்வு விரல் நுனியில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. "அழுத்தாதீங்க, சும்மா வைங்க" என்பதுபோலக் கையால் காட்டினார். விரலைத் தளர்த்தியதும் லேசாக, பூனை உறுமுவதுபோல ஏதோ தெரிந்த மாதிரி இருந்தது.